மின்வழிப் பகிர்வு: ஒரு வரலாற்று நோக்கு

தான் கண்டு நகைத்ததை, கேட்டு வியந்ததை, படித்துக் கண்கலங்கியதைப் பிறரொருவருக்கும் காட்ட விழைதல் மாந்தர்க்குப் பொதுவான இயல்பாகும். அவ்விழைவு மிகப் பழையது. அதனை நிறைவேற்றும் வழிகளே காலந்தோறும் மாறி வந்துள்ளன. ஏட்டுச்சுவடிக் காலத்தில் ஒருவர் தாம் விரும்பிய நூலை நண்பர்க்கு அளிக்க வேண்டுமாயின் எழுத்தாணி கொண்டு அதனைப் படியெடுத்தல் வேண்டும். அச்சு வந்த பின்னரும், நல்ல பகுதிகளைக் குறிப்பேட்டிற் பெயர்த்தெழுதுதலும், பத்திரிகைத் துணுக்கைக் கத்தரித்துக் கடிதத்துடன் அனுப்புதலும் நீடித்தன. இத்துணை உழைப்புக்கு இது தகுமா என்னும் வினா ஒவ்வொரு முறையும் எழுந்தது. கணினி வலையமைப்புகள் தோன்றியபின் அவ்வுழைப்புப் படிப்படியாகக் குறைந்து ஈற்றில் ஒரு விரல்தொடுகையாகச் சுருங்கிற்று. அது சுருங்கியபோது வேறு சிலவும் உடன் மறைந்தன. தெரிந்தெடுத்தவர் யார், எழுதியவர் யார், எத்தனை கைகளைக் கடந்து வந்தது என்பனவே அவை. இம்மறைவு எவ்வாறு நேர்ந்தது என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

1971ஆம் ஆண்டினை இவ்வரலாற்றின் தொடக்கமெனக் கொள்ளலாம். ஐக்கிய அமெரிக்கப் பாதுகாப்புத்துறையின் ஆய்வுக்கென அமைந்த ஆர்ப்பாநெற் என்னும் வலையமைப்பில், ஒரு கணினியிலிருந்து பிறிதொரு கணினியில் உள்ளவர்க்கு மடல் விடுக்கும் முறையை ரே ரொம்லின்சன் அவ்வாண்டிலேயே அமைத்தார். அதே ஆண்டு யூலை 4ஆம் திகதி இலினோய்ப் பல்கலைக்கழக மாணவரான மைக்கேல் ஹார்ட், அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தைத் தாமே தட்டச்சிட்டு அங்கிருந்த பெருங்கணினியில் வைத்து, வேண்டுவோர் எடுத்துக்கொள்ளலாம் என அறிவித்தார். குற்றன்பேர்க் திட்டம் என இன்று வழங்கும் மின்னூற்றொகுதியின் முதல் நூல் இதுவேயாம். பின்வந்த பல ஆண்டுகளிலும் அவர் பெரும்பாலும் தம் கையாலேயே நூல்களைத் தட்டச்சிட்டார். கருவி புதியது, செயலோ பழைய ஏடெழுதுவோன் செயலேயாகும்.

மடலுக்கும் நூலுக்கும் அடுத்து இடம்பெற்றது நகைச்சுவை. 1982ஆம் ஆண்டு செப்ரெம்பரில் பிற்ஸ்பேர்க் நகரத்துக் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மின் அறிவித்தற்பலகையில் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. அறுந்து விழும் மின்னுயர்த்தியின் உள்ளே பொருள்கள் எவ்வாறு இயங்கும் என்னும் பெளதிகவியல் விவாதத்தினிடையே, மின்னுயர்த்தியொன்று பாதரசத்தால் மாசுற்றுவிட்டது என ஒருவர் விளையாட்டாக எழுதினார். விவாதத்தின் முற்பகுதியைப் படியாத சிலர் அதனை உண்மை எச்சரிக்கை எனவே கொண்டனர். முகங்காணாத, குரல்கேளாத இடத்தில் நகையை நகையென உணர்த்துவது எங்ஙனம் என்பது பேசுபொருளாயிற்று. அம்மாதம் 19ஆம் திகதி ஸ்கொற் பால்மன் என்னும் கணினி அறிஞர் முக்காற்புள்ளி, சிறுகோடு, மூடும் அடைப்புக்குறி ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து இட்டுச் சிரித்த முகம்போல் தோன்றும் குறியொன்றை முன்மொழிந்தார். நகைக்கு உரை எழுதவேண்டி நேர்ந்தமை நகைப்புக்குரியதுதான். எனினும், பகிர்வில் ஏற்பட்ட முதற் குறைபாட்டை உணர்ந்து செய்த முதல் திருத்தம் இதுவெனல் மிகையன்று. அவர் எழுதிய அச்செய்தி மறைந்துபோய், இருபது ஆண்டுகளின் பின் 2002இல் பழைய காப்பு நாடாக்களிலிருந்து தேடி மீட்கப்பட்டது.

டியூக் பல்கலைக்கழக மாணவரிருவர் 1979இல் திட்டமிட்டு மறு ஆண்டில் இயங்கத் தொடங்கிய யூஸ்நெற் என்னும் செய்திக்குழு அமைப்பு, பல்கலைக்கழகங்கள் பலவற்றை இணைத்தது. அதில் 1987இல் பிராட் ரெம்பிள்ரன் நகைச்சுவைக்கெனக் குழுவொன்றைக் கனடாவின் வாட்டர்லூ நகரிலிருந்து நடத்தலானார். வாசகர் அனுப்புவனவற்றை அவர் படித்துத் தெரிந்தெடுத்தவையே வெளிவந்தன. 1988இன் இறுதியில் இனம் பற்றிய பழைய இழிமொழியை உட்கொண்ட துணுக்கொன்று வெளிவந்தது. யேர்மனியில் யூதர்மீது நிகழ்ந்த 1938ஆம் ஆண்டு நவம்பர்த் தாக்குதலின் ஐம்பதாம் ஆண்டு நினைவு வேளை அது. முறைப்பாடு எழுந்தது, வாட்டர்லூப் பல்கலைக்கழகம் அக்குழுவைத் தன் கணினிகளிலிருந்து விலக்கியது. 1989இன் தொடக்கத்தில் ஸ்ரான்போட் பல்கலைக்கழகமும் அவ்வழியே சென்றது. ஆங்குச் செயற்கை நுண்ணறிவுத் துறையின் முன்னோடியாகிய பேராசிரியர் ஜோன் மக்கார்தி எதிர்ப்பியக்கம் நடத்தினார். நூலகத்திலிருந்து நூலை விலக்குதற்கு ஒப்பானது இச்செயல் என்பது எதிர்த்தோர் வாதமாகும். ஈற்றில் ஸ்ரான்போட் தன் முடிவை மீட்டுக்கொண்டது. இருபாலார் கூற்றிலும் நியாயம் உண்டு. ஆயின் வரலாற்று நோக்கில் கவனிக்கற்பாலது பிறிதொன்று. அன்று புண்பட்டவர் சென்று முறையிடுதற்கு ஒரு மனிதர் இருந்தார். அவர் பெயரும் முகவரியும் யாவரும் அறிந்தவையாக இருந்தன.

1993ஆம் ஆண்டு ஏப்பிரல் 30ஆம் திகதி, ஐரோப்பிய அணு ஆய்வு நிலையமாகிய சேர்ன், ரிம் பேர்ணேர்ஸ்-லீ உருவாக்கிய வையவிரிவலையைப் பொதுவுடைமையாக்கிற்று. அதன்பின் இணையம் பல்கலைக்கழகச் சுவர்களைக் கடந்து பரவியது, மின்னஞ்சலும் உடன்பரவியது. அக்காலத்து மின்னஞ்சலைக் கண்டவர் ஒரு சிறு விவரத்தை மறந்திரார். வந்த மடலைப் பிறர்க்கு அனுப்பும்போது பல மென்பொருள்கள் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஒரு கோணக்குறியை இட்டன. மறுபடி அனுப்பினால் மேலும் ஒன்று சேரும். ஆறேழு கோணக்குறிகளுடன் வந்த மடல் ஆறேழு கைகளைக் கடந்தது என்பது பார்த்தவுடனே விளங்கும். பலவேளைகளில் முன்னர்ப் பெற்றோரின் முகவரிகளும் தலைப்பில் நீளமாகத் தொங்கிக்கொண்டிருக்கும். அழகற்றதாயினும் அது ஒரு வரலாற்று ஆவணமே.

அவ்வாறிருந்தும் எழுதியவர் பெயர் தப்பவில்லை. 1997ஆம் ஆண்டு யூன் 1ஆம் திகதி சிக்காக்கோ ற்றிபியூன் நாளிதழில் மேரி ஷ்மிக் என்னும் பத்தியெழுத்தாளர், பட்டம் பெறுவோர்க்குத் தாம் உரையாற்ற நேர்ந்தால் என்ன கூறுவார் என்பதைக் கற்பனையுரையாக எழுதினார். அவ்வாண்டின் கோடையில் அவ்வுரை உலகெங்கும் மின்னஞ்சலில் உலாவிற்று. ஆனால், புகழ்பெற்ற நாவலாசிரியர் கேட் வொனெகற், மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்துப் பட்டமளிப்பு விழாவில் நிகழ்த்திய உரை என்னும் பொய்த்தலைப்புடனே அது உலாவிற்று. அவ்வாண்டு அங்கு உரையாற்றியவர் ஐக்கிய நாடுகள் சபைச் செயலாளர் நாயகம் கோபி அனான் ஆவார். பெயர் மாற்றியவர் யாரென்பது அறியப்படவில்லை. நெஞ்சைத் தொட்ட சொற்களுக்குப் பின்னால் பெரியதொரு பெயர் இருத்தல் வேண்டுமென வாசகர் உள்ளம் எதிர்பார்க்கின்றது போலும். தமிழில் அப்துல் கலாமின் பெயரைத் தாங்கி உலாவும் பொன்மொழிகளை எண்ணிப் பார்ப்போர்க்கு இது புதுமையாகத் தோன்றாது.

எழுத்தை அடுத்துக் காட்சி வந்தது. 2005ஆம் ஆண்டு பெப்ரவரியில் சாட் ஹேர்லி, ஸ்ரீவ் சென், ஜாவெட் கரீம் ஆகிய மூவர் யூ ரியூப் தளத்தைத் தொடங்கினர். ஏப்பிரல் 23ஆம் திகதி ஏற்றப்பட்ட முதற் காணொளி, சன்டியேகோ விலங்கினச்சாலையில் யானைகளின் முன் நின்று கரீம் பேசும் பத்தொன்பது விநாடிக் காட்சியாகும். மறு ஆண்டு ஒக்ரோபரில் கூகிள் நிறுவனம் அதனை 165 கோடி டொலர் மதிப்புள்ள பங்குகளுக்கு வாங்குவதாக அறிவித்தது. 2009 ஏப்பிரலில், பிரித்தானியத் தொலைக்காட்சிப் போட்டியொன்றில் பார்வையாளரின் ஏளனத்தைத் தம் குரலால் வென்ற ஸ்கொத்லாந்துப் பெண்மணி சூசன் பொயிலை உலகறியச் செய்தது காணொளிப் பகிர்வே. 2011 நவம்பரில் 'ஒய் திஸ் கொலவெறி டி' என்னும் தமிழ்த் திரைப்பாடல் தமிழறியாதார் நாவிலும் புகுந்தது. 2012 டிசெம்பரில் கொரியப் பாடலான 'கங்னம் ஸ்ரைல்' நூறு கோடி பார்வைகளைக் கண்ட முதற் காணொளியாயிற்று. இங்கே பரிந்துரைத்தவர் பெயர் இருந்த இடத்தை எண் பிடித்துக்கொண்டது காண்க. பலர் பார்த்தனர் என்பதே பார்ப்பதற்குக் காரணமாயிற்று.

யூ ரியூப் தோன்றிய அதே 2005ஆம் ஆண்டிலேயே ஈழத்து எழுத்துகளை மின்வடிவிற் பேணும் நூலகம் திட்டமும் தொடங்கியது. அதற்கு முன்னரே, 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில், சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் அவர்களின் முயற்சியால் மதுரைத் திட்டம் தொடங்கப்பெற்றுப் பல நாட்டுத் தமிழர் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டும் பிழைதிருத்தியும் வழங்கி வந்தனர். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரிந்ததைக் கண்ட சமுதாயத்திற்குப் படியெடுத்து வைத்தலின் பொருள் வேறாகும். இத்திட்டங்களின் பயனாளர் தொகை கொரியப் பாடலின் பார்வைத் தொகைக்கு அருகிலும் வாராது. எனினும் அங்கு ஒவ்வொரு பக்கத்திலும் ஒருவர் கைபட்டிருக்கின்றது.

தொடுகையின் காலம் 2009இல் முழுமையுற்றது. அதுவரை ருவிற்றர் தளத்தில் பிறர் கூற்றை வழங்க விரும்புவோர் அதனைப் பெயர்த்தெழுதி, உரியவர் பெயரையும் முன்னே இடுவது வழக்கம். அவ்வாண்டு நவம்பரில் அதற்கெனப் பொத்தான் வந்தது. அதனை அமைத்த குழுவை நடத்திய கிறிஸ் வெதறெல் பத்தாண்டுகளின் பின் அதுபற்றி வெளிப்படையாக வருந்தினார். எத்தகைய சுவை விரைந்து பரவும் என்பதையும் இக்காலத்திலேயே ஆய்ந்தனர். ஜோனா பேகர், கதரின் மில்க்மன் ஆகியோர் நியூ யோர்க் ரைம்ஸ் நாளிதழின் ஏறத்தாழ ஏழாயிரம் கட்டுரைகளை நோக்கி 2012இல் வெளியிட்ட ஆய்வு, வியப்பும் சினமும் பதற்றமும் தூண்டுவன மிகுதியாக அனுப்பப்படுவதையும் துயரூட்டுவன குறைவாக அனுப்பப்படுவதையும் கண்டது. தொல்காப்பியர் வகுத்த எண்வகை மெய்ப்பாடுகளை ஒரே நிரலில் வைத்துப் பயின்றோர்க்கு, மருட்கையும் வெகுளியும் அச்சமும் முன்னே ஓட அழுகை பின்தங்குவது சிந்தனைக்குரியதாகும்.

அவ்வாய்வு வெளிவந்த ஆண்டிலேயே அதற்கு உலகளாவிய சான்றொன்று கிடைத்தது. மார்ச் 5ஆம் திகதி அமெரிக்க அமைப்பொன்று, உகண்டாவில் சிறுவரைக் கடத்திப் படையிற் சேர்த்த ஜோசப் கோனியைப் பற்றி முப்பது நிமிடப் படமொன்றை வெளியிட்டது. ஆறே நாள்களில் அது பத்துக்கோடி பார்வைகளைக் கண்டது. பார்த்தோரிற் பலர் உண்மையாகவே உள்ளம் உருகினர். ஆனால் சில நாள்களின் பின் வடக்கு உகண்டாவின் லிரா நகரில் பாதிக்கப்பட்ட மக்களுக்கே அப்படம் திரையிடப்பட்டபோது, அவர்கள் சினமுற்றுக் கற்களை எறிந்தனர். தம் துயரைப் பேசவந்த படத்தில் தம்மைக் காணாமையும், தம் பகைவனின் பெயர் சுவரொட்டிகளிலும் அணிபொருள்களிலும் விளம்பரமாதலும் அவர்களை வருத்தின. 2017இல் கோனியைத் தேடும் படைநடவடிக்கை அவனைப் பிடியாமலே முடிவுற்றது. இதற்கு மாறாக, 2014இல் பனிநீரைத் தலையில் ஊற்றிக்கொள்ளும் விளையாட்டுக் காணொளிகள் நரம்புநோயொன்றின் ஆய்வுக்கு அமெரிக்கச் சங்கமொன்றிற்கு மட்டும் 11.5 கோடி டொலரை ஈட்டிக்கொடுத்தன. பகிர்வினால் தீங்கே விளையும் எனக் கூறுதல் பொருந்தாது.

எனினும் தீங்கு விளைந்தபோது அதன் விலை பெரிதாயிருந்தது. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் உணவகமொன்றில், உணவில் மலட்டு மருந்து கலந்ததாகக் குற்றஞ்சாட்டிச் சிங்களம் சரிவர அறியாத முஸ்லிம் ஊழியரொருவரை ஒப்புக்கொள்ளுமாறு நெருக்கும் காட்சி படமாக்கப்பட்டு முகநூலிற் பரவியது. உணவிலிருந்தது வெறும் மாவுப்பொருள் என அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பின்னர்க் கண்டார். காணொளி ஓடிய வேகத்தில் அவ்வறிக்கை ஓடவில்லை. மார்ச் முதல்வாரத்தில் கண்டி மாவட்டத்துத் திகன, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன, உயிர்களும் பலியாயின. அரசு அவசரகால நிலையைப் பிரகடனஞ் செய்து, 7ஆம் திகதி முதல் ஏறத்தாழ ஒரு வாரம் முகநூல், வட்ஸ்அப் முதலியவற்றை முடக்கிற்று. தன் தளம் இதிற் பெற்ற பங்குக்காக முகநூல் நிறுவனம் 2020 மே மாதம் மன்னிப்புக் கோரியது. வாட்டர்லூவில் முறையிடுவதற்கு ஒருவர் இருந்தார். அம்பாறைக் காணொளியை அனுப்பியோர் எத்தனை ஆயிரவர் என்பதும் தெரியாது. ஒவ்வொருவரும் தாம் எழுதவில்லை, வந்ததை அனுப்பினோம் என்றே கருதியிருப்பர்.

நிறுவனங்கள் தாம் அகற்றிய உழைப்பிற் சிறுபகுதியைத் தாமே மீளவும் வைக்க நேர்ந்தது. வட்ஸ்அப் 2018 யூலையில், பிறர் செய்தியை அனுப்பினால் அவ்வாறு அனுப்பப்பட்டது என்னும் அடையாளத்தை இட்டது. ஒரு முறையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்பவியலாது என்னும் வரம்பு, இந்தியாவில் தொடங்கி 2019 சனவரியில் உலகெங்கும் வந்தது. அவ்வாண்டு ஆகஸ்ற் மாதம், ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட கைகளைக் கடந்த செய்திக்கு இரட்டை அம்புக்குறி சேர்க்கப்பட்டது. பழைய மின்னஞ்சலின் கோணக்குறிகள் வேறு உருவில் மீண்டன. ஆயின் அவை ஒவ்வொரு கையையும் எண்ணிக் காட்டின, இது ஐந்துக்குப் பின் எண்ணுவதை விட்டுவிடுகின்றது. 2020 ஏப்பிரலில் இரட்டை அம்புக்குறி பெற்றவற்றை ஒரு முறையில் ஒரே உரையாடலுக்கு மட்டும் அனுப்பலாம் என விதித்தனர். அத்தகைய செய்திகளின் போக்குவரவு 70 வீதம் குறைந்ததென அந்நிறுவனம் அம்மாதமே தெரிவித்தது. அவ்விதிப்படி அவற்றுளொன்றைப் பத்துப்பேருக்கு அனுப்ப விரும்புபவர் பத்து முறை அனுப்புதல் வேண்டும்.