காத்திருப்பு அறிவிப்பின் வரலாறு: தரவுத்தளத் தேடலை முன்வைத்து

கணினியிடம் வினவிய ஒருவர் விடைக்காக எவ்வளவு நேரம் பொறுத்திருப்பார் என்னும் கேள்வி இணையத்தினும் பழையது. ஐ.பி.எம். நிறுவனத்தின் ராபர்ட் மில்லர் 1968இல் வெளியிட்ட கட்டுரை, மனிதருக்கும் கணினிக்கும் இடையிலான பரிமாற்றத்தை உரையாடலாகவே கருதியது. பலவகை வினவல்களுக்கு 2 விநாடிகளுக்குள் மறுமொழி வேண்டும். 15 விநாடிகளைக் கடந்த தாமதம் உரையாடலையே முறித்துவிடும் என்பது அவர் கருத்து. இவை சோதனைவழி அளந்தறிந்த எண்கள் அல்ல, மதிப்பீடுகளே என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார். பின்வந்தோர் பலர் இவற்றை விதிகளாகவே எடுத்தாண்டது தனியே ஆராயத்தக்கது.

மணற்கடிகாரமும் கைக்கடிகாரமும் திரைச் சுட்டிகளாகப் பயன்பட்ட 1980களில், டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர் பிராட் மையர்ஸ் இச்சிக்கலைச் சோதனைக்கு உட்படுத்தினார். மாணவர்கள் தரவுத்தளத் தேடல்களைச் செய்தனர். சிலவற்றில் முன்னேற்றப் பட்டை காட்டப்பட்டது, சிலவற்றில் காட்டப்படவில்லை. பட்டை இருந்த தேடலையே பெரும்பாலோர் விரும்பினர். 1985இல் வெளியான இம்முடிவு, தேடலின் வேகத்தைக் கூட்டாமலே காத்திருப்பின் தன்மையை மாற்றலாம் என்பதைப் புலப்படுத்தியது.

இணையம் இந்த வசதியை உடனே பெறவில்லை. காரணம் அதன் நெறிமுறையிலேயே இருந்தது: உலாவி ஒருமுறை கேட்கும், வழங்கி ஒருமுறை விடையளிக்கும், இடையில் பேச்சில்லை. படிவத்தை அனுப்பிய பின்னும் பழைய பக்கமே திரையில் அசையாமல் நிற்கும். தன் கோரிக்கை சென்று சேர்ந்ததா என ஐயுறும் பயனர் பொத்தானை மீண்டும் அழுத்துவார். முதல் தேடல் பெரும்பாலும் தரவுத்தளத்தில் தொடர்ந்துகொண்டிருக்க, இரண்டாவதும் அதனுடன் சேரும். ஒரே வினவலைப் பலரும் இவ்வாறு இருமுறை, மும்முறை அனுப்பினால் மெதுவான வழங்கி மேலும் மெதுவாகும். ஆகவே காத்திருப்பு அறிவிப்பை வெறும் அலங்காரமாகக் கொள்வது பொருந்தாது; அது வழங்கியின் சுமையைக் கட்டுப்படுத்தும் கருவியுமாகும்.

நெட்ஸ்கேப் உலாவி 1995இல் இதற்கு இரு வழிகளைத் திறந்தது. ஒன்று, இணைப்பை மூடாமல் வழங்கியே அடுத்தடுத்த பக்கங்களைத் தள்ளுவது. மற்றொன்று, ‘காத்திருக்கவும்’ என்னும் பக்கத்தை முதலில் அனுப்பிவிட்டு, சில விநாடிகளுக்கு ஒருமுறை அதே பக்கத்தை உலாவி தானே புதுப்பித்துக் கேட்பது. எளிமையால் இரண்டாவதே பரவலாகப் பயன்பட்டது. படிவம் அனுப்பப்படும் கணத்தில் மறைந்திருந்த அறிவிப்பை ஜாவாஸ்கிரிப்ட் கொண்டு வெளிப்படுத்துவோரும் இருந்தனர். ஆனால் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் படிவம் சென்றதும் அசையும் படம் உறைந்துவிடும். இயக்கத்தை உணர்த்த வைத்த படமே செயலிழப்பின் அடையாளமாகத் தோன்றியது.

பக்கத்தை மாற்றாமல் தரவு பெறும் வசதி அதே உலாவியில் 1999இல் வந்தது. 2005இல் ஜெசி ஜேம்ஸ் காரெட் அத்தகைய நுட்பங்களின் தொகுதிக்கு ‘அஜாக்ஸ்’ எனப் பெயரிட்ட பின், சுழலும் வட்டம் இணையமெங்கும் பொதுவழக்காயிற்று. எனினும் மையர்ஸின் பட்டையோடு இதனை ஒப்பிட்டால் ஒரு பின்னடைவு தெரிகிறது. எத்தனை பதிவுகள் பொருந்தும் என்பதைத் தரவுத்தளம் முன்கூட்டி உறுதியாக அறியாது. எண்ணிச் சொல்வதற்கே சில வேளைகளில் முழுத் தேடலின் நேரம் ஆகும். ஆகவே பட்டையின் இடத்தை வட்டம் கொண்டது. அவ்வட்டம் சுழல்வது உலாவியில். வழங்கி நின்றுபோனாலும், காலவரம்பு விதிக்கப்படாத பக்கத்தில் அது நிற்பதில்லை.