ஒளியின் வேகமும் ‘ஒரே நேரம்’ என்னும் நம்பிக்கையும்

ஓடும் தொடர்வண்டியில் ஒருவர் வண்டி செல்லும் திசையிலேயே நடந்தால், நடைமேடையில் நிற்பவருக்கு அவருடைய வேகம் வண்டியின் வேகமும் நடையின் வேகமும் சேர்ந்ததாகத் தெரியும். கலிலியோ காலம் முதல் ஐயமின்றி ஏற்கப்பட்டிருந்த கணக்கு இது. ஒளி மட்டும் இந்தக் கணக்குக்கு உட்பட மறுத்தது. ஏன் என்ற கேள்வி ஒளியைப் பற்றித் தொடங்கி, காலத்தைப் பற்றியதாக முடிந்தது.

1865இல் வெளிவந்த மாக்ஸ்வெலின் மின்காந்தக் கோட்பாட்டில் ஒளியின் வேகம் ஒரு மாறிலியாகவே கிடைத்தது. எதைப் பொறுத்த வேகம் அது? ஒலிக்குக் காற்றுபோல ஒளிக்கும் ஓர் ஊடகம் வேண்டும் என்று கருதிய இயற்பியலாளர் அதை ஈதர் என்றனர். புவி நொடிக்கு ஏறத்தாழ 30 கி.மீ. வேகத்தில் சூரியனைச் சுற்றுவதால், ஈதரின் எதிர்வீச்சு ஒளியின் வேகத்தில் தென்பட வேண்டும். 1887இல் கிளீவ்லாந்து நகரில் மைக்கேல்சனும் மோர்லியும் பாதரசத்தில் மிதக்கும் கற்பலகைமீது ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரித்து, ஒன்றுக்கொன்று செங்குத்தான திசைகளில் அனுப்பி ஒப்பிட்டனர். குறுக்கீட்டுப் பட்டைகள் 0.4 பட்டையளவு நகரும் என்று எதிர்பார்த்தனர். கண்ட நகர்வு அதில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு.

ஈதரைக் கைவிட மனமில்லாதவர்கள் இதற்கு விளக்கம் தேடினர். ஈதரூடே செல்லும் பொருள் தன் இயக்கத் திசையில் சற்றே சுருங்குகிறது என்று 1889இல் ஃபிட்ஸ்ஜெரால்டும், 1892இல் தனித்து லோரன்ஸும் கூறினர். 1904க்குள் தேவையான சமன்பாடுகளை லோரன்ஸ் ஏறத்தாழ எட்டிவிட்டார். ஆனால் அவற்றில் இடத்துக்கு இடம் வேறுபட்ட காலம் அவருக்கு வெறும் கணக்கு வசதியாகவே இருந்தது.

1905இல், பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் பணியாற்றிய 26 வயது ஐன்ஸ்டீன் இரண்டு எடுகோள்களை முன்வைத்தார். ஒன்றைப் பொறுத்து ஒன்று சீராக இயங்கும் நோக்கர் எல்லார்க்கும் இயற்கை விதிகள் ஒன்றே என்பது முதலாவது. வெற்றிடத்தில் ஒளியின் வேகம் அதை உமிழும் பொருளின் இயக்கத்தைச் சாராது என்பது இரண்டாவது. எல்லா நோக்கர்க்கும் ஒரே வேகம் என்பது இவ்விரண்டும் சேர்ந்து தரும் முடிவு. இவை மேலோட்டமாகப் பார்க்கையில் முரண்படுபவை என்பதை அவரே அக்கட்டுரையில் ஒப்புக்கொண்டார்.

அம்முரண்பாட்டின் வேர் வேறிடத்தில் இருந்தது. வேகம் என்பது தொலைவைக் காலத்தால் வகுத்துப் பெறுவது. இருவேறு இடங்களிலுள்ள கடிகாரங்கள் ஒத்துப்போகின்றனவா என்று அறியாமல் அதை அளக்க இயலாது. ஓடும் பெட்டியின் நடுவில் ஒரு விளக்கு ஏற்றப்படுவதாகக் கொள்வோம். உள்ளிருப்பவருக்கு ஒளி முன்சுவரையும் பின்சுவரையும் ஒரே நேரத்தில் அடைகிறது. நடைமேடையில் நிற்பவருக்கோ பின்சுவர் ஒளியை எதிர்கொண்டு வருகிறது, முன்சுவர் விலகிச் செல்கிறது; ஆகவே பின்சுவரே முதலில் ஒளிபெறுகிறது. இருவர் கூற்றும் சரியே. உலகம் முழுவதற்கும் பொதுவான ஓர் ‘இப்போது’ உண்டு என்ற நம்பிக்கையைத்தான் கைவிட வேண்டியிருந்தது. அது நீங்கியதும் முரண்பாடு மறைந்தது. வேகங்களைக் கூட்டும் பழைய கணக்கு, சிறு வேகங்களுக்குப் பொருந்தும் தோராயமாக நின்றது.

எனினும் ‘ஏன்’ எஞ்சியிருந்தது. 1910இல் இக்னடோவ்ஸ்கி, ஒளியைப் பற்றிய எடுகோளை விடுத்துக் கணக்கிட்டுப் பார்த்தார். சார்பியல் நெறியோடு, வெளி எவ்விடத்தும் எத்திசையிலும் ஒருதன்மையது என்று கொண்டாலே, எல்லார்க்கும் மாறாத ஒரு வேகம் சமன்பாடுகளில் வந்துவிடுகிறது. அது முடிவிலியாயின் நியூட்டனின் உலகம். முடிவுள்ளதாயின் ஐன்ஸ்டீனின் உலகம். நம் உலகம் இரண்டாவது என்பதைச் சோதனைகளே காட்டின. ஆக, மாறா வேகம் என்பது வெளியும் காலமும் பிணைந்திருக்கும் முறையின் பண்பு. நிறையற்றதாகையால் ஒளி அவ்வேகத்தில் செல்கிறது.

1983இல் மீட்டருக்குப் புதிய வரையறை வந்தது: வெற்றிடத்தில் ஒளி ஒரு நொடியின் 29,97,92,458இல் ஒரு பங்கு நேரத்தில் கடக்கும் தொலைவு ஒரு மீட்டர். கிளீவ்லாந்தில் தேடியும் அகப்படாத வேறுபாடு இல்லவே இல்லை என்னும் உறுதியின்மேல்தான் இன்றைய அளவுகோல் நிற்கிறது.