பெரும் தடுப்புப் பவளத்திட்டில் மக்கள் கண்காணிப்பு

பெரும் தடுப்புப் பவளத்திட்டில் மக்கள் கண்காணிப்பு என்பது, ஆத்திரேலியாவின் குயின்சுலாந்துக் கரையோரத்திலுள்ள கடற்பூங்காவில் காலநிலை மாற்றத்தின் பாதிப்பைப் பொதுமக்களின் துணையுடன் மதிப்பிடும் முயற்சியாகும். 1975 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த இப்பூங்கா 344,400 சதுர கிலோமீட்டர் பரப்பளவும் ஏறத்தாழ 3,000 பவளத்திட்டுகளும் கொண்டது.

தேவை

கடல்நீர் வழமையை விட வெப்பமடையும்போது, பவள உயிரிகள் தம் இழையங்களில் வாழும் நுண்பாசிகளை இழந்து வெளிறுகின்றன. அவற்றின் உணவில் பெரும்பகுதி இப்பாசிகளிடமிருந்தே கிடைக்கிறது. வெளிறிய பவளம் உடனே இறப்பதில்லை. வெப்பம் விரைவில் தணிந்தால் மீளும், நீடித்தால் மடியும். இங்கு 1998, 2002, 2016, 2017, 2020, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் பெருமளவு வெளிறல் ஏற்பட்டது. வெப்பம் மிகுந்த பகுதிகளைச் செய்மதிகள் காட்டுகின்றன. ஆனால் ஒரு திட்டின் பவளங்கள் மீண்டனவா, மடிந்தனவா என்பதை நீரில் இறங்கிப் பார்த்தே உறுதி செய்ய இயலும்.

முறைகள்

* ஐ ஆன் தி ரீஃப்: கடற்பூங்கா ஆணையம் நடத்தும் திட்டம். பயணிகள் தாம் கண்டவற்றைக் கைப்பேசிச் செயலி வழியே அனுப்பலாம். பயிற்சி பெற்ற பூங்காக் காவலர்களும் சுற்றுலாப் படகு ஊழியர்களும் 5 மீட்டர் ஆரமுள்ள வட்டத்துக்குள் பவளத்தின் பரப்பு, வெளிறல், நோய் முதலியவற்றைப் பதிவு செய்கின்றனர்.
* கோரல்வாட்ச்: குயின்சுலாந்துப் பல்கலைக்கழகத்தில் 2002 இல் உருவானது. பவளத்தின் நிறம், 1 முதல் 6 வரை எண்ணிட்ட நிற அட்டையுடன் ஒப்பிடப்படுகிறது. எண் குறைந்தால் பவளம் வெளிறுகிறது என்பது பொருள்.

வரம்புகள்

பயணிகள் அடிக்கடி செல்லும் திட்டுகளில் பதிவுகள் மிகுதி, தொலைவிலுள்ளவற்றில் குறைவு. எனவே வான்வழி ஆய்வுகளும் ஆய்வாளர்களின் நீரடி ஆய்வுகளும் இவற்றுடன் சேர்த்தே பயன்படுத்தப்படுகின்றன. கண்காணிப்பு கடலின் வெப்பத்தைக் குறைப்பதில்லை. எனினும் எத்திட்டுகளை முதலில் கவனிக்க வேண்டும் என்று முடிவெடுக்க உதவுகிறது.