கத்திக்கு முன் கண்

வயிற்றைத் திறந்த பிறகே நோய் இன்னதென்று தெரியவந்த காலம் ஒன்று இருந்தது. பெருங்குடலில் தோன்றும் கொழுப்புக்கட்டியின் வரலாறு அதற்கு நல்ல சான்று. இது அரிதான கட்டி, புற்று அன்று. பெரும்பாலும் குடலின் வலப்பகுதியில், உட்சவ்வுக்கு அடியில் வளர்வது. சிறிதாக இருக்கும்வரை தொல்லையில்லை. பெரிதானால் குருதிக்கசிவும் அடைப்பும் நேரலாம். குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்துகொள்ளும் குடல் செருகலும் உண்டாகலாம்.

அன்றைய மருத்துவருக்குத் துணை, ஆசனவாய் வழியே பேரியக் கரைசலைச் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே படம்தான். அதில் கட்டியின் நிழல் விழும். அது கொழுப்பா புற்றா என்பது உறுதிப்படாது. ஆகவே புற்றென்றே கொண்டு குடலின் ஒரு பகுதியை வெட்டியெடுப்பார்கள். வெட்டியதைப் பிளந்து பார்த்தால் உள்ளே மஞ்சள் கொழுப்பு! அவர்களைக் குறைசொல்வதற்கில்லை. புற்றை விட்டுவைத்தால் உயிரே போய்விடும்.

இந்நிலையை மாற்றியது கண்ணாடி இழை. 1954-இல் லண்டனில் ஹாப்கின்ஸும், பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும், வளையும் இழைக்கற்றை வழியே உருவத்தைக் கடத்த முடியும் என்று காட்டினர். இழைக்கு இழை ஒளி கசிந்தது பெருங்குறை. மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர் லாரன்ஸ் கர்டிஸ் ஒவ்வோர் இழைக்கும் வேறொரு கண்ணாடியால் உறையிட்டு அதைத் தீர்த்தார். அங்கிருந்த மருத்துவர் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் 1957-இல் அக்கருவியை முதலில் தாமே விழுங்கிப் பார்த்தார். இரைப்பைக்குள் சென்ற இக்கண், பின்னர் பெருங்குடலுக்குள்ளும் சென்றது. 1969-இல் நியூயார்க்கில் வில்லியம் உல்ஃபும் ஹிரோமி ஷின்யாவும், மின்சாரம் பாயும் கம்பிச் சுருக்கால் குடலின் உள்ளிருந்தே கட்டியை அறுத்தெடுத்தனர், வயிற்றைக் கிழிக்கவில்லை.

கொழுப்புக்கட்டி தன்னைக் காட்டிக்கொடுக்கவும் தொடங்கியது. கருவியின் இடுக்கியால் அழுத்தினால் தலையணைபோல் குழிந்து மீளும். 1971-இல் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் மனிதரிடம் பயனுக்கு வந்தது. அந்த அளவுகோலில் நீர் 0. கொழுப்பு ஏறத்தாழ -100. நிழலுக்கு இப்போது ஓர் எண் கிடைத்துவிட்டது.

ஆயினும் கத்தியின் வேலை முடிந்துவிடவில்லை. கொழுப்பு மின்சாரத்தை எளிதில் கடத்தாது. பெரிய கட்டியைச் சுருக்கிட்டு எரித்தால் குடல் துளைபடும் அபாயம் உண்டு. வயது வந்தோரின் பெருங்குடல் செருகலுக்குப் பின்னால் புற்று ஒளிந்திருப்பதும் அடிக்கடி நேர்வதே. அத்தகையோருக்கு அப்பகுதியை வெட்டியெடுப்பது இன்றும் வழக்கம். அன்று அறியாமல் வெட்டினார்கள். இன்று பெரும்பாலும் அறிந்து வெட்டுகிறார்கள். வெட்டாமல் விடப்படும் சிறு கட்டிகளே இவ்வரலாற்றின் பெரும்பயன் எனலாம்.