பெரிய எழுத்தும் பேய்க் கதையும்

பேய்க் கதைகளை அச்சிட்டு விற்றுப் பிழைத்தவர்களுக்கும் ஒரு சரித்திரம் உண்டென்றால் வாசகர்களிற் பலர் புன்னகை செய்வர். சீர்திருத்த நோக்குடையோர் சிலர் முகஞ் சுளிக்கவுங் கூடும். நாமும் அவ்வாறு சுளித்தவர்களே. அச்சுளிப்பினால் நேர்ந்த ஒரு பிழையை முதலிற் கூறிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், பாகான் டத்தோப் பக்கத்துத் தென்னந்தோட்டம் ஒன்றில், ஆள் குறைந்துபோன லயன் வீடுகளை இடிக்கத் தீர்மானித்தார்கள். அங்கிருந்த பழைய படிப்பகத்துச் சாமான்களைக் கணக்கெடுக்கும் வேலை கிராணியாகிய நம் தலையில் விழுந்தது. கறையான் தின்ற அலமாரியிலே பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை, நல்லதங்காள் கதை, மதனகாமராஜன் கதை, அட்டை போன இன்னுஞ் சில இருந்தன. ஆங்கிலப் படிப்பின் செருக்கோ, பகுத்தறிவின் அவசரமோ, யாதென்று சொல்ல அறியோம். 'குப்பை' என்று பட்டியலில் எழுதி, எடைக்குப் போடக் கையொப்பமிட்டோம். லாரி போன மறுநாள் ஒரு பாட்டியார் ஆபீசு வாசலில் வந்து நின்றார்.

"ஐயா, அந்த வேதாளம் பொஸ்தகம் எங்கீங்க? எங்க வீட்டுக்காரரு அதப் பாத்துத்தான் எழுத்துக் கூட்டக் கத்துக்கிட்டாரு."

நம்மிடம் மறுமொழி இல்லை. அதன் பிறகே இப்புத்தகங்களை அச்சிட்டவர் யாவர், எதற்காக அச்சிட்டனர் என்று தேடலானோம்.

இந்தியர் அச்சுக்கூடம் வைப்பதற்கிருந்த தடை 1835இல் நீங்கிற்று. அதன்பின் சென்னையில் சிறு சிறு அச்சுக்கூடங்கள் பெருகின. புலவர்கள் ஏட்டுச் சுவடிகளை அச்சேற்றிக்கொண்டிருந்த அதே காலத்தில், குஜிலிக் கடைத் தெருவிலே வேறொரு கூட்டத்தார் காலணாவுக்கும் அரையணாவுக்கும் சிந்தும், கும்மியும், ஒப்பாரியும், கொலைக் கதையும், பேய்க் கதையும் விற்றனர். படித்தவர் 'குஜிலி நூல்' என்று இகழ்ந்தனர். அவ்விகழ்ச்சி அவர்களுடைய வியாபாரத்தைத் தொட்டதாகத் தெரியவில்லை. 1867ஆம் ஆண்டுச் சட்டப்படி அச்சிட்ட ஒவ்வொரு புத்தகத்தையும் சர்க்காருக்குக் கொடுத்துப் பதிவு செய்யவேண்டியிருந்தமையால், காகிதம் மக்கிப்போன நூல்களுக்கும் பெயராவது மிஞ்சியிருக்கிறது. ஆ. இரா. வேங்கடாசலபதி 2004இல் வெளியிட்ட 'முச்சந்தி இலக்கியம்' இக்குப்பையைக் கிளறி எழுதிய நூலேயாகும்.

இப்பதிப்பாளரின் நாள் எப்படிக் கழிந்திருக்கும்? ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கித் தலைகீழாய் அடுக்கவேண்டும். கையிலுள்ள எழுத்து சில பக்கங்களுக்கே போதும். அவற்றை அச்சடித்து, எழுத்தைப் பிரித்து மீண்டும் பெட்டியில் இட்டால்தான் அடுத்த பக்கம் பிறக்கும். படத்துக்கு மரக்கட்டை வெட்டுவது செலவு. ஆகவே ஒரு கதையில் விக்கிரமாதித்தனாய் வீற்றிருந்தவன் மற்றொரு கதையில் வேறொரு ராஜாவாய் வீற்றிருப்பான். கடைசிப் பக்கத்தில் மற்றப் புத்தகங்களின் விலைப் பட்டியல். கொண்டித்தோப்பு பி. இரத்தின நாயகர் கம்பெனியின் பெயரைப் பெரிய எழுத்துப் புத்தகங்களிற் கண்டவர் நம் பாட்டன்மாரில் அநேகர் இருப்பர். எழுத்தைப் பெரிதாக்கியது அலங்காரத்துக்கன்று. முப்பது வயதில் எழுத்துக் கூட்டக் கற்றவன், மண்ணெண்ணெய் விளக்கின் கீழே, சுற்றி உட்கார்ந்திருப்போருக்கு உரக்கப் படிப்பதற்கு அதுவே ஏற்றது. இதை அறிந்துகொண்ட பதிப்பாளனை நாம் அற்பன் என்று எண்ணவில்லை.

மலாயாவில் குறிப்பிட்ட அளவு பிள்ளைகளுள்ள தோட்டங்கள் பள்ளிக்கூடம் வைக்கவேண்டுமென்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அது பிள்ளைகளுக்கு. பெரியவர்களுக்குப் பள்ளிக்கூடம் எது? தகரப்பெட்டியிற் கிடந்த இப்புத்தகந்தான்.

கதைக்குள் இருந்த பயத்தையும் பார்ப்போம். வேதாளம் விக்கிரமாதித்தன் தோளில் ஏறிக்கொண்டு கடிக்கவில்லை, கேள்வி கேட்கிறது. ஒரு வழக்கைச் சொல்லி, இதில் நியாயம் யார் பக்கம் என்கிறது. விடை தெரிந்தும் வாய் திறவாவிடில் தலை வெடிக்கும். திறந்தாலோ வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறிவிடும். தெரிந்த நியாயத்தைச் சொல்லாதவன் தலை வெடிக்குமென்று மிரட்டும் பேயை மூடநம்பிக்கைக் கணக்கில் எழுதத் துணிந்த நம் பேனாவை என்ன சொல்வது! இக்கதையை 1831இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட பெஞ்சமின் பாபிங்டன் ஒரு வைத்தியர். தொண்டைக்குள்ளே பார்க்கும் கண்ணாடிக் கருவியை 1829இல் எடுத்துக் காட்டியவரும் அவரே. அவருக்கு வேதாளம் வெறுப்பாயிருக்கவில்லை.

பழையனூர் நீலி, தன்னைக் கொன்ற கணவனைத் தொடர்ந்து வந்து பழி தீர்க்கிறாள். நல்லதங்காள் கதையிலோ பேயே வேண்டியிருக்கவில்லை. பஞ்சமும், வாசலில் மறித்த அண்ணியும், ஏழு பிள்ளைகளும், ஒரு கிணறும் போதுமாயிருந்தன. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சத்தின் நினைவோடு கப்பலேறி வந்தவர்களுக்கு அதைவிடப் பயங்கரக் கதை எதுவாயிருக்கும்?

கடலுக்கப்பால் அமெரிக்காவிலும் இத்தொழிலுக்குத் தம்மை ஒப்புக்கொடுத்த ஒருவர் இருந்தார். 1937இல் ஹெச். பி. லவ்கிராப்ட் என்னும் பயங்கரக் கதை ஆசிரியர் வறுமையில் இறந்தார். (தம் இனத்தாரல்லாதாரை இழிவாக எண்ணியவர் அவர், கடிதங்களில் அது வெளிப்படை. நம்மை அவர் பந்தியில் உட்கார வைத்திருக்கமாட்டார்.) அவர் கதைகளை வெளியிடப் பெரிய கம்பெனிகள் மறுக்கவே, ஆகஸ்ட் டெர்லெத்தும் டொனால்ட் வாண்ட்ரேயும் 1939இல் 'ஆர்க்கம் ஹவுஸ்' என்ற பதிப்பகத்தைத் தாமே தொடங்கினர். விஸ்கான்ஸின் மாகாணத்துச் சாக் சிட்டி என்னும் சிற்றூரே அதன் இடம். டெர்லெத் வீடு கட்டுவதற்கென வாங்கிய கடனும் அச்சுக் கூலிக்குப் போயிற்று. முதற் புத்தகம் 1,268 பிரதிகள். விலை 5 டாலர். விற்றுத் தீர நான்கு ஆண்டுகள் பிடித்தன. வேறு கதைகள் எழுதிச் சம்பாதித்ததைக் கொண்டு இப்பதிப்பகத்தின் நஷ்டத்தை டெர்லெத் கட்டி வந்தார். 1971இல் அவர் இறக்கும் வரை நிலைமை பெரிதும் மாறவில்லை. நம் குஜிலிப் பதிப்பாளனுக்கு இத்தகைய தியாகம் கட்டுப்படியாகாது. காலணாப் புத்தகம் விற்றால்தான் அவன் வீட்டில் உலை கொதிக்கும். எனினும், பெரியோர் கையால் தொடாததை அச்சிட்டவர்கள் என்பதில் இருவரும் ஒருவரே.

நம் நாட்டோடு இதற்குள்ள தொடர்பு ஒன்றையுஞ் சொல்லவேண்டும். எடைக்குப் போட்ட மதனகாமராஜன் கதை 1941இல் தமிழ்ப் படமாயிற்று. அதை இயக்கிய பி. என். ராவ் பின்னர் சிங்கப்பூர் வந்து, பிரசவத்தில் இறந்த பெண்ணின் பேயென்று மலாய்க்காரர் சொல்லும் பொந்தியானாக்கின் பெயரால் 'பொந்தியானாக்' என்னும் மலாய்ப் படத்தை 1957இல் எடுத்தார். தென்னந்தோப்பு வழியே இரவு நடக்கும் மலாய்க்காரரும் தமிழரும் ஒரே பேய்க்கு அஞ்சலாயினர். இன ஒற்றுமைக்கு இதுவும் ஒரு வழி போலும்!

சென்ற ஆண்டு, சென்னையிலிருந்து வந்த நண்பர் ஒருவர் மூலம் விக்கிரமாதித்தன் கதையின் புதுப் பதிப்பொன்றை வருவித்தோம். பளபளப்பான அட்டை, நல்ல காகிதம். பாட்டியார் இப்போது மகன் வீட்டில், தாமான் ஒன்றில் இருக்கிறார். கொண்டுபோய்க் கொடுத்தோம். இரண்டு கையாலும் வாங்கி, நடுவிலே திறந்து, படிக்கத் தெரியாத கண்களால் நெடுநேரம் பார்த்தார்.

"இது அது இல்லீங்க ஐயா. அதுல எழுத்து இம்மாம் பெரிசா இருக்கும்" என்று கட்டை விரலைக் காட்டினார். பிறகு ஒரு நாற்காலியை நம் பக்கம் நகர்த்தினார். "பரவால்ல, ஐயா படிங்க. மொத வேதாளத்துலேருந்து."