மஞ்சள் விளக்கின் கதை

டிசெம்பர் பிறந்தால் கியூபெக்கில் குளிர்கால ரயர் இல்லாமல் கார் ஓட்ட முடியாது. இந்தச் சட்டம் 2008இல் நடைமுறைக்கு வந்தபோது டிசெம்பர் 15 என்றிருந்த நாள், 2019இலிருந்து டிசெம்பர் 1 ஆகிவிட்டது. ஒவ்வொரு முறையும் ரயரைக் கழற்றிப் பூட்டும் மினக்கேடு வேண்டாமென்று, எங்களில் பலர் தனி ரிம்மில் பூட்டிய நான்கு சில்லுகளை வைத்திருக்கிறோம். அவற்றை மாற்றிய மறுநாளே லாடம் போன்ற வடிவத்துக்குள் ஆச்சரியக்குறியோடு அந்த மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கும்.

நானும் மூன்று குளிர்காலம் அதன்மேல் கறுப்பு ரேப் ஒட்டிவிட்டு ஓடினேன். நான்காவது குளிர்காலத்தில், மனைவியோடு நெடுஞ்சாலையில் போகும்போது கார் ஒரு பக்கம் இழுத்தது. இறங்கிப் பார்த்தால் முன் சில்லில் ஆணி. காற்று பாதிக்கு மேல் போய்விட்டது. ரேப் ஒட்டாமல் விட்டிருந்தாலும் விளக்கு எதையும் சொல்லியிராது. எப்போதும் எரிகிற விளக்கு என்னத்தைச் சொல்லும்? அதன் பிறகுதான் இந்த விளக்கு எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன்.

காற்றழுத்தத்தைப் பார்த்துச் சொல்லும் கருவி 1986இலேயே போர்ஷ் 959 காரில் இருந்தது. ஆனால் அது பணக்காரர் வண்டி. சாதாரணக் காருக்கு அது வந்து சேர்ந்தது ஒரு பெருந்துயரத்தின் பிறகு.

2000ஆம் ஆண்டு ஓகஸ்டில் அமெரிக்காவில் பயர்ஸ்ரோன் நிறுவனம் சுமார் 65 இலட்சம் ரயர்களைத் திருப்பி அழைத்தது. அவற்றில் பெரும்பாலானவை போர்ட் எக்ஸ்புளோரர் வண்டிகளில் இருந்தவை. ஓடும்போதே ரயரின் மேற்பட்டை உரிந்து, வண்டிகள் குடைசாய்ந்தன. 271 மரணங்கள் இதனோடு தொடர்புபடுத்தப்பட்டன. காற்றுக் குறைந்தால் ரயரின் பக்கங்கள் கூடுதலாக மடிந்து நிமிரும், அதனால் சூடு ஏறும். ரெக்சாஸ், புளோரிடா போன்ற வெப்பமான மாநிலங்களில் அந்தச் சூடு இன்னும் கூடியது. போர்ட் சிபாரிசு செய்த அளவு 26 றாத்தல், பயர்ஸ்ரோன் பின்னர் கேட்டது 30. இரு நிறுவனங்களும் ஒன்றையொன்று குற்றஞ்சாட்டின.

அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்கா புதுச் சட்டம் இயற்றியது. 2002இல் வந்த முதல் விதி, கார் நிறுவனங்கள் குறைந்த திறனுள்ள முறையொன்றையும் தெரிவு செய்ய இடம் விட்டது. நுகர்வோர் அமைப்புகள் வழக்குப் போட்டன. 2003இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. 2005இல் வந்த விதிப்படி, நான்கு சில்லுகளில் எதில் காற்று 25 வீதம் குறைந்தாலும் விளக்கு எரிய வேண்டும். 2007 செப்டெம்பர் முதல் எல்லாப் புதுக் கார்களுக்கும் அது கட்டாயமானது.

கனடாவில் அப்படிச் சட்டம் இல்லை. ஆனாலும் இரு நாட்டுக்கும் பெரும்பாலும் ஒரே கார்கள்தான் வருகின்றன. இப்படித்தான் அமெரிக்கச் சட்டமும் கியூபெக் சட்டமும் ஒவ்வொரு டிசெம்பரிலும் எங்கள் காரில் சந்திக்கின்றன.

பெரும்பாலான கார்களில் சில்லுக்குள் பற்றரியோடு ஒரு சென்சர் இருக்கும். குளிர்காலச் சில்லில் அது இல்லாவிட்டால், காரைக் கிளப்பியதும் விளக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் மின்னிவிட்டுப் பிறகு நிலையாக எரியும். மின்னாமல் நேராக எரிந்தால் காற்றுக் குறைவு என்று பொருள். குளிர் 5, 6 பாகை கூடினாலே ஒரு றாத்தல் அழுத்தம் குறைந்துவிடும்.

நான் கடைசியில் குளிர்காலச் சில்லுகளுக்கும் சென்சர் பூட்டினேன். கராச்சில் சிறு கருவியால் அவற்றைக் காருக்கு அறிமுகம் செய்துவிட்டார்கள். சில கார்கள் கொஞ்சத் தூரம் ஓடினால் தாமாகவே கண்டுகொள்ளும். இன்னும் சிலவற்றில் சென்சரே இல்லை, பிரேக்கோடு சேர்ந்த கருவி சில்லின் வேகத்தை வைத்துக் கணிக்கும். அவற்றுக்குக் காற்றைச் சரிபார்த்துவிட்டு மீளமைத்தால் போதும்.

செலவு வேண்டாம் என்பவர்கள், மாதம் ஒருமுறை காலையில் கார் ஓடுமுன் அளவுகருவியால் பாருங்கள். சரியான அளவு சாரதியின் கதவோரம் ஒட்டியிருக்கும். ரேப் மட்டும் ஒட்டவேண்டாம்.