நைட் டூட்டிக்கு ஆள் இல்லையா? மாணவியை அனுப்பு!

நீங்க ஒரு நர்சிங் காலேஜ் பிரின்சிபால்னு வெச்சுக்குவோம். வார்டுல இன்னைக்கு ராத்திரி ஆள் இல்லை. நாளைக்குக் காலையில மாணவிகளுக்குப் பரீட்சை. போன் வருது: "நாலு பொண்ணுங்களை அனுப்புங்க." என்ன பண்ணுவீங்க?

இந்தக் கேள்விக்கு நூறு வயசுக்கு மேல ஆச்சு. 1920கள்ல அமெரிக்காவுல பெரும்பாலான நர்சிங் பள்ளிகளை நடத்தினது ஆஸ்பத்திரிகள்தான். வார்டு வேலையில பெரும்பகுதியைச் செஞ்சதும் மாணவிகள்தான். வார்டை நடத்துறவரும் பள்ளியை நடத்துறவரும் ஒரே ஆள். அப்போ பாடமும் வேலையும் மோதினா எது ஜெயிக்கும்? எப்பவும் வேலைதான்.

இதை ஆராய ராக்ஃபெல்லர் ஃபவுண்டேஷன் பணத்துல ஒரு கமிட்டி அமைஞ்சது. அதுக்காக ஜோசஃபின் கோல்ட்மார்க் நடத்தின ஆய்வு 1923ல அறிக்கையா வெளிவந்தது. அது சொன்னதன் சாரம்: ஆஸ்பத்திரியின் தேவைக்காகப் படிப்பைப் பலி கொடுக்காதீங்க; நர்சிங் பள்ளிக்குத் தனி நிதியும் தனி நிர்வாகமும் வேணும்.

அதே வருஷம் யேல் பல்கலைக்கழகத்துல நர்சிங் பள்ளி தொடங்குச்சு. முதல் டீன் ஆனி வார்பர்ட்டன் குட்ரிச். யேல்ல டீன் பதவிக்கு வந்த முதல் பெண் இவர்தான். வேடிக்கை என்னன்னா, இவர் படிச்சது பழைய முறையில, நியூயார்க்ல ஒரு ஆஸ்பத்திரிப் பள்ளியில. 1892ல அங்கே படிச்சு முடிச்சவர். தான் வளர்ந்து வந்த முறையையே மாத்த வேண்டிய இடத்துல இப்போ உட்கார்ந்திருந்தார்.

வழக்கமா மூணு வருஷம் ஓடின படிப்பு இங்கே 28 மாசம். எப்படிக் குறைஞ்சது? கத்துக்க எதுவும் இல்லாத, திரும்பத் திரும்பச் செய்ற வேலையை வெட்டினாங்க. எந்த வார்டுல எத்தனை நாள்ங்கிறதை மாணவி என்ன கத்துக்கணுமோ அது தீர்மானிக்கணும்ங்கிறதுதான் கொள்கை.

ஆனா கையில இருந்தது அஞ்சு வருஷப் பணம்தான். அதுக்குள்ள இது சரிவரும்னு நிரூபிக்கணும். நிரூபிச்சார். 1929ல ராக்ஃபெல்லர் ஃபவுண்டேஷன் 10 லட்சம் டாலர் நிரந்தர நிதி கொடுத்துச்சு. 1934ல, குட்ரிச் ஓய்வு பெற்ற வருஷம், பட்டம் வாங்கினவங்களுக்குத்தான் இங்கே இடம்னு விதியே வந்துருச்சு.

சுபம்னு முடிச்சுடலாமா? முடியாது. 1956ல, குட்ரிச் இறந்து ரெண்டு வருஷம்கூட முடியல, புதுசா நர்ஸை உருவாக்குற படிப்பை யேல் நிறுத்திடுச்சு. ஏற்கனவே நர்ஸா இருக்கிறவங்களுக்கு மேற்படிப்பு மட்டும் மிச்சம். நிறுத்தின படிப்பு புது வடிவத்துல திரும்பி வர 1974 ஆச்சு. ஆஸ்பத்திரியோட பிடியில இருந்து வெளியே வந்த பள்ளி, பல்கலைக்கழகத்தோட முடிவுக்குக் கட்டுப்பட வேண்டியிருந்தது.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். 1946ல போர் கமிட்டி கணக்குப்படி இந்தியாவுல சுமார் 43,000 பேருக்கு ஒரு நர்ஸ். அந்த வருஷமேதான் டெல்லியிலயும் வேலூர்லயும் நர்சிங் பட்டப்படிப்பு தொடங்குச்சு. இவ்வளவு பற்றாக்குறையில ஒரு பொண்ணை நாலு வருஷம் உட்கார வெச்சுப் படிக்க வைக்கணுமான்னு கேட்டா, அது நியாயமான கேள்விதான். ஆனா பாதிப் படிப்போட வார்டுக்குப் போற நர்ஸ், அங்கே படுத்திருக்கிறவருக்குத்தான் ஆபத்து.

அதனால அந்தப் போன் வரும்போது "இல்லை, நாளைக்கு அவங்களுக்குப் பரீட்சை"ன்னு சொல்ல பிரின்சிபாலுக்குத் தைரியம் மட்டும் போதாது. அப்படிச் சொல்ற அதிகாரமும், அதைத் தாங்குற பட்ஜெட்டும் அவர் கையில இருக்கணும். குட்ரிச் கேட்டது அவ்வளவுதான்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.